பின்னால் வந்த கதவு

கடைசி பஸ்ஸும் போய், டீக்கடைக்காரர் பாய்லரைக் கழுவிக் கவிழ்த்து, பஸ் ஸ்டாண்டின் குழல்விளக்குகளில் பாதியை யாரோ அணைத்துவிட்டுப் போன பிறகு, அந்தச் சத்தம் வடக்கேயிருந்து வந்தது. கனத்த மரத்தைத் தரையோடு தரையாக இழுக்கிற சத்தம், கொஞ்சம் இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி கொஞ்சம் இழுக்கிற சத்தம். பூட்டிய செருப்புக்கடைப் படியில் கைக்குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்திருந்த ஜெனோவா எழுந்து உட்கார்ந்தாள். நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு குரைப்பதை விட்டுவிட்டு ஒதுங்கி வழிவிட்டன. கட்டணக் கழிப்பறைத் திருப்பத்தைக் கடந்து, நிலையும் கதவுமாக, சுவரோ கூரையோ ஒன்றும் இல்லாமல், அது மெல்ல மெல்ல வந்து படிக்கு முன்னால் நின்றது. தட்டார்குளத்தில் அவள் புருஷன் இஞ்ஞாசி வீட்டின் தலைவாசல் கதவு.

அந்தக் கதவை அவளுக்கு நன்றாகத் தெரியும். இஞ்ஞாசியின் அப்பா வைத்த வேங்கைமரக் கதவு. கல்யாணமாகிப் போன புதிதில் அதற்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருந்தது. ஒருநாள் அடிக்குப் பயந்து அவள் உள்ளே தாழிட்டுக்கொண்டாள் என்று அவன் அதைத் திருகிக் கழற்றிக் குளத்தில் எறிந்தான், எறிந்துவிட்டு வந்து வெளிப்பக்கம் ஒரு கனத்த தாழ்ப்பாளை அடித்தான். அன்றிலிருந்து அவன் வேலைக்குப் போனாலும் குடிக்கப் போனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனாலும் அந்தத் தாழ்ப்பாள் வெளியிலிருந்து விழும், அது விழுகிற சத்தத்தில் அவள் வயிறு சுருண்டுகொள்ளும், அவன் திரும்பி வந்து அதை இழுக்கிற சத்தத்தில் இன்னொரு தரம் சுருண்டுகொள்ளும். ஒரு மத்தியானம் போதையில் தாழிட மறந்து போனான். அவள் பிள்ளை சலேத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிறந்த வீட்டில் அம்மா சோறு போட்டாள், அப்பா கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இன்னைக்கு ராத்திரி இரு தாயி, விடிஞ்சதும் நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன், பேசித் தீக்காத சண்டையா?" என்றார். அவள் விடியும்வரை இருக்கவில்லை. வேம்படிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் வந்து விழுந்தாள்.

இப்போது கதவு வந்திருந்தது. கதவு வந்தால் கதவுக்குச் சொந்தக்காரன் வருவான். அவள் எழுந்து ஓடினாள், மார்க்கெட் பக்கம் ஓடினாள், மாதா கோயில் மதிலோரம் ஓடினாள், ரயில்வே கேட் வரைக்கும் ஓடினாள். அவள் மூச்சு வாங்க நின்ற இடத்திலெல்லாம் கொஞ்ச நேரத்தில் அதுவும் வந்து நின்றது. கடைசியில் பழைய படிக்கே திரும்பி வந்து படுத்தாள். கதவு அவளுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றுகொண்டது. வெளிச்சம் வந்ததும்தான் அதைவிடப் பெரிய பயத்தைப் பார்த்தாள். கதவு இழுபட்டு வந்த வழியெல்லாம் தார் ரோட்டில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. தட்டார்குளத்து முற்றத்தில் தொடங்கி அவள் காலடியில் வந்து முடிகிற கோடு. கண் தெரியாதவன்கூட காலால் தடவிக்கொண்டு வந்து சேர்ந்துவிடலாம்.

அவித்த கடலை விற்கிற மூக்கம்மாதான் காலையில் முதலில் பார்த்தவள். கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏட்டி, இழுத்ததுதான் இழுத்த, அடுப்பங்கரையையும் சேத்து இழுத்துட்டு வந்திருக்கப்பிடாதா?"

"நான் இழுக்கலக்கா. அதுவா வந்துது."

"அப்பம் சரி. வந்த மூதேவியை வெளிய போன்னா சொல்ல முடியும்? பிள்ளைக்கு ரெண்டு கடலை குடு."

"அதுக்கு இன்னும் பல்லு முளைக்கலக்கா."

"அப்போ நீ தின்னு. பால் சுரக்கும்லா?"

வேம்படிப்பட்டணத்துக்காரர்கள் எதையும் ஒரு வாரத்துக்கு மேல் வேடிக்கை பார்க்கமாட்டார்கள். முதலில் கூட்டம் கூடியது, பிறகு கூட்டம் கலைந்தது, பிறகு யாரோ ஒரு பசுவைக் கொண்டுவந்து நிலையில் கட்டினார்கள். கண் ஆஸ்பத்திரி விளம்பரம் ஒட்டினார்கள், அதன்மேல் தேர்தல் சுவரொட்டி ஒட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்க, ஞாயிற்றுக்கிழமை யாரோ சாக்பீஸால் மேலே சிலுவை போட, அடுத்த ஜும்மாவுக்குள் 786 ஸ்டிக்கரும் வந்து சேர்ந்தது. நகராட்சி ஆள் கறுப்பு பெயிண்ட் டப்பாவோடு தெருவுக்கு எண் போட வந்தபோது, கதவு என்று இருந்தால் எண் போடத்தான் வேண்டும் என்று செருப்புக்கடை எண்ணோடு ஒரு 'அ' சேர்த்து எழுதிவிட்டுப் போனான். அந்த எண்ணை வைத்து ரேஷன் கார்டு வந்தது, கார்டு வந்ததும் தபால்காரர் தினமும் ஒரு தரம் நின்று, கடிதம் இல்லாவிட்டாலும், "ஒண்ணுமில்லம்மா" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகப் பழகினார்.

ராத்திரிகளும் மாறின. வெறும் படியில் கிடந்தபோது காலை மிதித்தவர்கள், குனிந்து முகத்தைப் பார்த்தவர்கள், "வாரியா" என்று கேட்டவர்கள், கதவுக்கு முன்னால் வந்து தயங்கி நின்றார்கள். பக்கத்தில் சுவர் கிடையாது, கொஞ்சம் தள்ளி நடந்தால் உள்ளே வந்துவிடலாம். ஆனாலும் சாத்திய கதவைத் தட்டாமல் நுழையக்கூடாது என்று வளர்ந்தவர்கள், தட்டினால் என்ன சொல்லுவது என்று தெரியாதவர்கள், "யாரோ வீட்டுப் பொம்பள உறங்குதாடே, வா" என்று ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கொண்டு போனார்கள். நேற்றுவரை தெருவில் கிடந்தவள் இன்றைக்கு வீட்டுக்குள் இருப்பவள். ஊருக்கு அதற்கு ஒரு பலகை போதுமானதாக இருந்தது.

ஆனால் ஜெனோவா உறங்கவில்லை. கோட்டைத் துடைப்பத்தால் தேய்த்தாள், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள், மழை பெய்தபோது முட்டி போட்டுக் கையால் தேய்த்தாள், போகவில்லை. வடக்கேயிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிற ஒவ்வொரு ஆம்பிளையின் தோளும் இஞ்ஞாசியின் தோளாக இருந்தது.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அவள் சலேத்தின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள ஆளு இருக்கா?" என்றது ஒரு பெண்குரல்.

எட்டிப் பார்த்தால் ஒரு பெண், முக்காட்டுக்குள் ஒரு கையை மறைத்துக்கொண்டு நின்றாள். பெயர் பாத்திமுத்து. மறைத்த கை முழங்கைவரை வெந்திருந்தது.

"எங்க ஊரு வழியா ஒரு கோடு போச்சு. எங்கயாச்சும் போய்த்தான முடியணும்னு அதைப் புடிச்சுட்டே வந்துட்டேன்" என்றாள்.

அடுத்த நாள் ஜெனோவா அவளைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். தைரியம் வந்ததால் போகவில்லை; அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்க முடியாமல் போனாள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெனோவா கான்வென்டில் படித்தவள். பயம் வந்தால் முதுகை நிமிர்த்த வேண்டும், கையை முன்னால் கோத்துக்கொள்ள வேண்டும், முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று சிஸ்டர்கள் பிரம்பை வைத்துப் பழக்கியிருந்தார்கள். அதனால் எவ்வளவுக்கெவ்வளவு பயப்படுகிறாளோ அவ்வளவுக்கவ்வளவு அவள் நிமிர்ந்து நின்றாள். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பாய் வீட்டுச் சண்டையா? புருஷன் பொண்டாட்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும். போங்க, போங்க."

"ஐயா, என் பெயர் ஜெனோவா. நான் இந்த அம்மாவோடு வந்திருக்கிறேன். நீங்கள் முதலில் இவர்களுடைய கையைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு புகாரை எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை நாங்கள் இங்கேயே நிற்போம்."

ஏட்டு பேனாவை மூடினார். அவளுடைய நிமிர்ந்த முதுகையும் அசையாத கழுத்தையும் பார்த்துவிட்டு மெல்ல எழுந்தார். "மேடம் எந்த ஆபீஸ்?" என்று கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். புகார் எழுதப்பட்டது. வெளியே வந்ததும் ஜெனோவா ஸ்டேஷன் மதிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். பின்னாலேயே வந்திருந்த கதவு வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தது.

"டீச்சர், ஒங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று, அவள் நின்று பேசிய தோரணையில் டீச்சர் என்றே முடிவுகட்டிவிட்ட பாத்திமுத்து கேட்டாள். பல் கிட்டியிருந்ததால் ஜெனோவாவால் பதில் சொல்ல முடியவில்லை. பயமே கிடையாது என்று பாத்திமுத்து எல்லாரிடமும் சொன்னாள்.

அதன்பிறகு கோட்டைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பிள்ளையோடு வந்தார்கள், பிள்ளையை விட்டுவிட்டு வந்தார்கள், கல்யாணப் பட்டோடு ஒருத்தி வந்தாள், பல் விழுந்த வாயோடு ஒருத்தி வந்தாள், ஒன்றுமே சொல்லாமல் ஒரு மாதம் கதவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்துவிட்டு ஒருநாள் எழுந்து பாத்திரம் தேய்த்தவள் ஒருத்தி. ஜெனோவா அவர்கள் ஒவ்வொருத்திக்காகவும் நடுங்கிக்கொண்டே நிமிர்ந்து நின்றாள், தாசில்தார் முன்னால், கலெக்டர் முன்னால், மாமியார்கள் முன்னால், அரிவாளோடு வந்த ஒரு அண்ணன்காரன் முன்னால். அவள் வக்கீல் இல்லை. ஆனால் குடும்ப வழக்கு என்று வந்தால் அந்த ஊர் வக்கீல்கள் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கோர்ட்டுக்குப் போவதில்லை. தன் விவாகரத்து வழக்கையும் அப்படித்தான் முடித்தாள்; இஞ்ஞாசி ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை, தீர்ப்பாகிவிட்டது. பஸ்ஸில் போனால் கண்டக்டர், "கதவு ஒங்களுதா மேடம்? லக்கேஜ் உள்ள ஏத்தாதிய" என்பார், அது பஸ்ஸுக்குப் பின்னாலேயே இழுபட்டு வந்து கோர்ட் வாசலில் நிற்கும். ஒரு விழாவில் 'அஞ்சாத பெண்மணி' என்று சால்வை போர்த்தினார்கள். வேர்வையில் அந்தச் சால்வை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பெண்கள் பெருகியதும் தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டார்கள். சுடலைமுத்து ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் வெட்டவெளியில் நின்ற கதவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"போடுதேன். இதுல உள்பக்கம் எது?"

ஜெனோவாவுக்குத் தெரியவில்லை. மூக்கம்மா கடலை உரித்துக்கொண்டே, "பச்சப்பிள்ள படுத்திருக்க பக்கம் உள்பக்கம். இதுக்குப் போயி ஒரு கேள்வியா? நீரெல்லாம் எப்படி ஆசாரி ஆனீரு?" என்றாள்.

ஆசாரி சிரித்துக்கொண்டே, புதுத் தாழ்ப்பாள் எதற்கு, இருப்பதே நல்ல இரும்பு என்று, வெளியே இருந்ததைக் கழற்றி உள்ளே திருப்பி அடித்தார். அதே இரும்பு. சரியாக விழுகிறதா என்று அவர் ஒருதரம் போட்டுப் பார்த்தபோது ஜெனோவா காதைப் பொத்திக்கொண்டு சாக்கடையோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அதை யாரும் போடவில்லை. ராத்திரிகளில் தாழ்ப்பாளுக்குப் பதிலாக அவளே கதவில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு நகராட்சி பழைய தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தது, பெண்களே கல் சுமந்து நான்கு சுவர் எழுப்பினார்கள், வாசலுக்கு விட்ட இடத்தில் கதவு தானாகப் போய் நின்றுகொண்டது. சுவர் வந்த பிறகும் ஜெனோவா தாழிடவில்லை. கதவுக்கு மூன்றுதரம் பெயிண்ட் அடித்ததில் தாழ்ப்பாள் இறுகிப்போனது. சலேத் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாகிவிட்டாள், அம்மா உட்கார்ந்தே உறங்குகிறவள் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

அப்புறம் அவன் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு சீப்பு பழம். கோட்டின்மேலேயே நடந்து வந்திருந்தான். நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு, புதிதாக வந்திருந்த எஸ்.ஐ.யைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"நல்லாருக்கியாட்டி ஜெனோ?" என்றான். "பிள்ள வளந்துட்டா. பயப்படாத, ஒன்ன ஒண்ணும் கேக்க வரல. அதான் கோர்ட்டுல தீத்துவிட்டாச்சே. எனக்கு என் கதவு வேணும்."

எஸ்.ஐ. தொண்டையைக் கனைத்தார். "அவன் பேசுறதுல நியாயம் இருக்கு டீச்சரம்மா. அவன் அப்பன் வச்ச கதவு. நீங்க புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிடலாம்லா?"

"இத்தன வருசமா வீடு வாயப் பொளந்துட்டுக் கெடக்கு சார்" என்றான் இஞ்ஞாசி. "நாய் வருது, ஆடு வருது. இப்போ ஒரு எடம் பாத்திருக்காவ. சின்னப்பிள்ள, தாய் தகப்பன் கெடையாது. கதவில்லாத வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

ஜெனோவாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்தத் தாயில்லாப் பெண் தட்டார்குளத்து வீட்டில் இதே கதவுக்குப் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரிந்தது, எந்த மூலையில் நிற்பாள் என்பதுகூடத் தெரிந்தது. இங்கே வீட்டுக்குள் அவள் பொறுப்பில் இருந்த பெண்களும் தெரிந்தார்கள். கதவு போனால், அவர்களைத் தேடிக்கொண்டிருந்த புருஷன்மாருக்கு அன்றைக்கு ராத்திரி வாசல் திறந்தே கிடக்கும்.

"ஐயா, இந்தக் கதவை நான் எடுத்து வரவில்லை. இது தானாக நடந்து வந்தது. இந்த ஊரே அதற்குச் சாட்சி."

"ஊரே சொல்லுது, கேட்டேன்" என்றார் எஸ்.ஐ. "நடந்து வந்ததுன்னா நடந்தே போகட்டும். சாயந்தரம் நானே நிக்கேன். கதவைச் சாத்துங்க. அவன் வெளிய நின்னு கூப்பிடட்டும். போனா அவனுது, நின்னா ஒங்களுது. நடுவுல யாரும் தொடக்கூடாது."

சாயந்தரம் ஊரே திரண்டுவிட்டது. மூக்கம்மாவின் கூடை காலியானது, அவள் உள்ளே வந்து பெண்களோடு நின்றுகொண்டாள். கதவு சாத்தப்பட்டது. ஜெனோவா கைகளைக் கோத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றாள்.

வெளியே இஞ்ஞாசி முதலில் நயமாகத்தான் கூப்பிட்டான். "வா. வீட்டுக்கு வா. போவோம்." கதவு சும்மா நின்றது. "வா, எண்ண போட்டுத் தொடச்சு வைக்கேன்." கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவன் குரல் மாறியது. அது இந்த ஊர் கேட்டிராத குரல், ஜெனோவா மட்டும் கேட்ட குரல்.

"சிறுக்கி, எங்க போய் ஒளிஞ்சாலும் நீ எனக்குள்ளதுதாம்ட்டி. நானா உள்ள வந்தேன்னா எலும்பு மிஞ்சாது. வாட்டி வெளிய!"

உள்ளே நின்ற பெண்கள் அத்தனை பேரும், ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, தலை குனிந்தார்கள். நிலை அசைந்தது. ஓரத்துச் சிமெண்ட் வெடித்துப் பொலபொலவென்று கொட்டியது. "போவுது, போவுது!" என்று வெளியே கத்தினார்கள். ஜெனோவாவின் காலும் நகர்ந்தது. அவளைக் கேட்காமலேயே அந்தக் குரலை நோக்கி ஒரு எட்டு வைத்தது. அப்படிக் கதவுக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான் அவள் பார்த்தாள். அது சொந்தக்காரன் கூப்பிட்டுப் போகிற நாயின் அசைவு இல்லை. பலகை பலகையாக, ஆணி ஆணியாக, அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கிய முதுகுகள் எல்லாம் இப்படித்தான் நடுங்கின. இத்தனை வருஷமும் அவன் அனுப்பிய ஆள் என்றுதான் அவள் அதைப் பார்த்திருந்தாள். வந்தவர்கள் எல்லாரிடமும் உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டவள், இதனிடம் மட்டும் கேட்டதேயில்லை.

அவள் கோத்திருந்த கையைப் பிரித்து உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள்.

"அம்மா, தொடக்கூடாதுன்னு எஸ்.ஐ. சொன்னாவல்லா" என்றாள் சலேத்.

"சொன்னாவ மக்கா."

"டீச்சரம்மா, யாரு அது தொடுறது?" என்று வெளியே எஸ்.ஐ. கத்தினார். "வெளிய வாட்டி!" என்று இஞ்ஞாசி கதவில் ஓங்கி உதைத்தான். நிலை ஒரு விரற்கடை வெளியே பெயர்ந்தது.

"போவாண்டாம்" என்றாள் ஜெனோவா, கதவிடம், நெற்றி கதவில் இடிக்க. "போவாண்டாம், நீ போவாண்டாம். நான் இருக்கேன்லா. இங்கனயே இரி." சொல்லிக்கொண்டே கை தாழ்ப்பாளைத் தேடியது. அது பெயிண்டில் இறுகி அசையமாட்டேன் என்றது. உள்ளங்கையின் அடியால் அடித்தாள், தோல் பிய்ந்தது, மறுபடி அடித்தாள். மூக்கம்மா, "அடிட்டி, இன்னும் ஒண்ணு!" என்றாள். இரும்பில் இரும்பு உரசியது, அவள் வயிறு சுருண்டது, சுருளட்டும் என்று விட்டாள், முழுத் தோளையும் கொடுத்துத் தள்ளினாள். தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விழுந்தது.